இரண்டு கை இலை

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு தவறு கண்ணில் பட்டது. என்னுடையது. பிப்ரவரி 3 அன்று பதினான்காம் வலையின் இலைகளோடு போட்ட எண் சீட்டை, அந்த இலைகளைத் திருப்பி அனுப்பும்போது எடுக்க மறந்திருக்கிறேன். அது இன்று என் மேசைக்கே வந்து சேர்ந்துவிட்டது. பென்சில் எழுத்து, என் கையெழுத்து, அழியவில்லை.

மாலை வகுப்பில் புள்ளியியல் நடத்துகிறவர் சொல்வார்: எழுதிய குறிப்பை ஆறு மாதம் கழித்து முன்பின் தெரியாதவர் படித்தாலும் புரிய வேண்டும். ஆய்வகக் குறிப்பேட்டை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். வகுப்பு பாதி மராத்தி, பாதி ஹிந்தி. இந்த நோட்டு மட்டும் தமிழ். இதையும் அந்த விதிப்படி முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

முல்ஷி பக்கம் ஒரு தேவ்ராய் இருக்கிறது. தெய்வத்துக்கு விட்ட காடு. காயா, நாவல், தான்றி, காட்டு மா. எங்கள் ஆய்வகத்தை நடத்தும் பாமா மேடம் அங்கே இருபது வலைகள் கட்டியிருக்கிறார். ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர், இடுப்பு உயரத்தில், நான்கு கம்பிகளில். இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை, வலைகளில் விழுந்த இலைகளைத் துணிப்பைகளில் அள்ளி புனேக்குக் கொண்டுவந்து, ஓவனில் உலர்த்தி நிறுக்கிறோம். உலர்ந்த இலையின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். மரம் காற்றிலிருந்து எடுத்ததில் எவ்வளவை மண்ணுக்குத் தருகிறது, எவ்வளவு வேகமாகத் தருகிறது என்பதுதான் மேடத்தின் கேள்வி.

ஆனால் தேவ்ராயிலிருந்து ஒரு சருகுகூட வெளியே போகக் கூடாது. அது ஊர் வழக்கம். கோயில் கமிட்டி ஒரு நிபந்தனையோடுதான் அனுமதித்தது: நிறுத்த இலை எல்லாம் காட்டுக்கே திரும்ப வர வேண்டும். அரைத்துப் பார்க்க ஒரு ஸ்பூன் அளவு மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்று மேடம் கேட்டாராம். எந்த ஸ்பூன் என்று கமிட்டியில் கேட்க, சர்க்கரை டப்பாவிலிருந்த ஸ்பூனை எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்த ஸ்பூன் இப்போதும் ஆய்வகத்தில் இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

சென்ற ஆண்டு இலைகளைக் கொண்டுபோய்ப் போட்டது ரீனா. அவள் மேற்படிப்புக்குப் போய்விட்டாள். ஜனவரியிலிருந்து நான். மதியம் ஒரு மணிக்கு ஜீப் கிளம்பிவிடும் என்பதால், திரும்பக் கொண்டுபோகும் பைகளை தேவ்ராய் வாசலில் சுரேகாதாயியிடம் கொடுத்துவிடுகிறேன். தாயி என்றால் மராத்தியில் அக்கா. அவர்தான் அங்கே பெருக்கி விளக்கேற்றுகிறவர். காலையில் அங்கன்வாடியில் வேலை. ஒரு மணிக்கு வந்து பைகளை வாங்கி வைத்துவிட்டு, நான்கு மணிக்கு மேல்தான் உள்ளே கொண்டுபோவார்.

எழுதிக்கொண்டு வரும்போதுதான் தோன்றியது. சீட்டை மறந்தது சின்ன விஷயம். பிப்ரவரி 17 அன்று காட்டுக்குப் போன சீட்டு, மார்ச் 3 அன்று மறுபடி பதினான்காம் வலைக்குள் எப்படி வந்தது?

மார்ச் 5, புதன்

சாத்தியங்கள். ஒன்று, சீட்டு பையின் தையலில் ஒட்டியிருந்திருக்கலாம். சுரேகாதாயி காலி செய்து பஸ்ஸில் புனேக்கு அனுப்பிய அதே பையில்தான் மார்ச் 3 அன்றும் அள்ளினேன். இரண்டு, காற்று. மூன்று, யாரோ போட்டார்கள். முதலாவதே நியாயமாகப் படுகிறது. ஆனால் சீட்டு பையின் அடியில் கிடக்கவில்லை. இலைகளுக்கு நடுவே இருந்தது. அப்படித்தான் நினைவு. நினைவை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

ஓவன் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆய்வக டெக்னீஷியன் முகமது ரஃபீக் பாய் வந்தார். வாணியம்பாடிக்காரர். புனேக்கு வந்து இருபது வருஷம்.

“என்ன கோகுல், இலைக்கு டைபாய்டா? டெம்பரேச்சரையே பார்த்துக்கிட்டு நிக்கிறே.”

“அறுபத்தஞ்சு இருக்கு, பாய்.”

“அறுபத்தஞ்சுதான் இருக்கும். நான்தானே வெச்சேன். உனக்குத்தான் ஜுரம் மாதிரி இருக்கு மூஞ்சி.”

சீட்டைக் காட்டினேன். திருப்பிப் பார்த்தார்.

“பையில ஒட்டியிருந்திருக்கும். விடுப்பா. இதுக்கெல்லாம் ஒருத்தன் தூக்கத்தைக் கெடுத்துக்குவானா?”

“பைகளை நீங்க உதறித்தானே தருவீங்க?”

“உதறுவேன். ஒவ்வொரு தையலா பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கணும்னா அதுக்கு வேற ஆள் பாரு.”

கோபமில்லாமல்தான் சொன்னார். நான்தான் தேவையில்லாமல் கேட்டுவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

மேடம் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினார். திட்டம் மார்ச் முடிவில் முடிகிறது. இன்னும் மூன்று ஆண்டு நீட்டிக்கக் கேட்டு 20ஆம் தேதி விண்ணப்பம் போக வேண்டும். மேடத்திடம் புதிதாகச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. இந்த ஜனவரி, பிப்ரவரியில் விழுந்த இலையின் எடை, சென்ற ஆண்டின் அதே மாதங்களைவிட நூற்றுக்குப் பதினெட்டு அதிகம். குளிர்காலம் சூடாகப் போனதால் மரங்கள் சீக்கிரமே அதிகமாக உதிர்க்கின்றன, கார்பன் வேகமாக மண்ணுக்கு இறங்குகிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

“ரெண்டு வருஷமா ஒரே கோடாத்தான் போச்சு, கோகுல். இப்பத்தான் காடு வாயைத் திறந்து ஏதோ சொல்லுது” என்றார். கோயம்புத்தூர்க்காரர். சந்தோஷமாக இருக்கும்போது பேச்சில் ஊர் கொஞ்சம் கூடும். “இதை வெச்சுத்தான் கேக்கப் போறேன். நல்லா நிறுத்திருக்கே. பொறுமைசாலிப்பா நீ.”

சீட்டைப் பற்றிச் சொன்னேன்.

“அது பையிலயே ஒட்டியிருக்கும். அடுத்த தடவை எடுத்துரு, அவ்வளவுதானே?”

சரி மேடம் என்றேன்.

நீட்டிப்பு கிடைக்காவிட்டால் வலைகளைக் கழற்றிவிடுவார்கள். என் வேலையும் அதோடு முடியும். அதை நான் மறந்துவிடவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

மார்ச் 3 இலைகளின் எடை தயார். வகுப்பில் கொடுத்த பயிற்சிக்கு அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டேன். மேடம் இருபது வலைகளின் சராசரியையும், ஓடைக்கு இரு பக்கத்துச் சராசரிகளையும் பார்க்கிறார். நான் ஒவ்வொரு வலையாகப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் யோசித்துச் செய்யவில்லை. பயிற்சியில் அப்படிக் கேட்டிருந்தது.

மூன்றாம் வலை பெரிய தான்றிக்கு அடியில் இருக்கிறது. சென்ற ஆண்டு சராசரி 92 கிராம், இந்த ஆண்டு 105. பதினொன்று வெட்டவெளியில். 41 இருந்தது 54 ஆகியிருக்கிறது. பதினான்கு, 70இலிருந்து 84.

மரங்கள் அதிகமாக உதிர்த்தால், நிறைய விழும் வலையில் நிறையவும் குறைவாக விழும் வலையில் குறைவாகவும் கூட வேண்டும். இங்கே எல்லா வலையிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூடியிருக்கிறது. பதின்மூன்று கிராம், சில வலைகளில் ஒரு கிராம் முன்பின்னாக. இரண்டு வலைகள் மட்டும் விலக்கு. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பத்தொன்பதும் இருபதும். அவற்றில் எதுவும் கூடவில்லை.

வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷ்ரேயஸ் எட்டிப் பார்த்தான். தளேகாவில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறவன்.

“எல்லாத்துலயும் ஒரே அளவு கூடுதலா? எங்க லைன்ல இப்படி வந்தா தராசை மாத்துவோம்” என்றான் ஹிந்தியில்.

தராசை நான் வாரம்தோறும் சோதிக்கிறேன். தவிர, தராசு தப்பென்றால் பத்தொன்பதும் இருபதும் கூடியிருக்க வேண்டும்.

ஆகுர்டி போகும் லோக்கல் ரயிலில் நின்றபடி யோசித்தேன். ஜனவரி 20 சேகரிப்பிலிருந்துதான் கூடுதல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய சேகரிப்பு ஜனவரி 6. அன்றுதான் நான் முதல்முறையாக சுரேகாதாயியிடம் பைகளைக் கொடுத்தேன்.

மார்ச் 10, திங்கள்

மேடத்திடம் வரைபடத்தைக் காட்டவில்லை. காரணங்களை எழுதிப் பார்க்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. சுரேகாதாயியைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும், கமிட்டி காதுக்குப் போனால் அனுமதியே போகலாம். மேடம் மகிழ்ச்சியாக இருக்கிறார். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது காரணமே இல்லை, ஆனால் அதுதான் தடுத்தது.

போனில் கேட்டிருக்கலாம். மூன்று முறை எண்ணை எடுத்தேன். என் மராத்தியில் இதைப் போனில் கேட்டால் எப்படிக் கேட்கும் என்று நினைத்து வைத்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை நேரில்.

மார்ச் 14, வெள்ளி

ஹோலி விடுமுறை. கீழே எல்லாரும் சாயத்தோடு கத்திக்கொண்டிருந்தார்கள். கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டேன். அதே விடை. அம்மா கதவைத் திறந்து, “வெளியில போய் ஒரு மணி நேரம் மனுஷங்களோட இருந்துட்டு வாடா” என்றாள். போய் நின்றேன். சட்டையில் பச்சை.

மார்ச் 17, திங்கள்

காலையில் வழக்கம்போல இருபது வலைகளையும் காலி செய்து பைகளை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டேன். திருப்பிப் போட வேண்டிய மார்ச் 3 பைகளோடு நான் அங்கேயே இருந்துவிட்டேன். டிரைவரிடம் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். வகுப்பு போயிற்று.

நான்கு மணிக்கு சுரேகாதாயி மறுபடி வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். நான் இன்னும் வாசலில் இருப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன, இன்னிக்கு ஜீப் ஹாரன் அடிக்கலையா? எப்பவும் பையை என் தலையில கட்டிட்டு ஓடுவியே.” இதை எல்லாம் அவர் மராத்தியில்தான் சொன்னார். நான் நினைவிலிருந்து எழுதுகிறேன்.

“நானும் கூட வரேன், தாயி. பைகளைத் தூக்கறேன்.”

“தூக்கு. இத்தனை நாள் தூக்காததுக்கும் சேர்த்துத் தூக்கு.”

முதல் வலை. ஒன்று என்று எண்ணிட்ட பையைத் தேடி எடுத்தார். முடிச்சை அவிழ்த்து, இரண்டு கையாலும் இலையை அள்ளி வலைக்குள் போட்டார். மீதியை மரத்தடியில் கொட்டி, பையை உதறி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். இரண்டாம் வலை. இரண்டாம் பை. இரண்டு கை இலை வலைக்கு, மீதி மரத்துக்கு. ஒரு இடத்திலும் எண் மாறவில்லை.

ஐந்தாம் வலை வரை பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். பிறகு கேட்டேன்.

“தாயி, வலைக்குள்ள ஏன் போடறீங்க?”

“நீதானே சொன்னே.”

“நானா?”

“ஜனவரியில. எந்த நம்பர் பையோ அந்த நம்பர் வலைக்குத்தான் போகணும், மாறக் கூடாதுன்னே. ஒரு தடவை இல்ல, மூணு தடவை சொன்னே. உன் மராத்திக்கு மூணு தடவை வேணும்தான்.” சிரித்தார். “முதல் நாள் முழுப் பையையும் வலையில கொட்டிப் பார்த்தேன். காத்துல பறந்து வெளியில கொட்டுச்சு, எடுத்துட்டேன். அதனால ரெண்டு கை வலைக்கு, மிச்சம் அடியில. ஏன், அந்த ரீனா அப்படிப் போடலையா?”

ரீனா அப்படிப் போடவில்லை. மேடம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அது இல்லை. உள்ளே எங்காவது மண்ணில் தூவிவிடு என்பதுதான் மேடம் சொன்னது. எந்த மரத்தின் இலையோ அதே மரத்தடிக்குப் போகட்டும் என்று எண்ணுக்கு எண் சேர்த்தது நான். யாரும் கேட்காத ஒழுங்கு. வலைக்குள் போடக் கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அது தானாகத் தெரியும் என்று நினைத்திருக்கிறேன்.

ஓடைக்கரையில் பதினெட்டாம் வலையோடு நின்றுவிட்டார். பத்தொன்பது, இருபது பைகளை இந்தப் பக்கமே கவிழ்த்தார்.

“அந்தப் பக்கம்?”

“வெயில் சாய்ஞ்சா அங்க தேனீ கிளம்பும். மேல பாரு, எவ்வளவு பெரிய கூடு. காலையில நீ போறே, உன்னை ஒண்ணும் பண்ணாது. நான் போறதில்ல.” பிறகு, “அந்த ரெண்டு வலையையும் ஏமாத்திட்டேன். கமிட்டிகிட்ட சொல்லிடாதே” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வலையில் போட்ட இலை மறுபடி புனேக்கு வருகிறது, மறுபடி நிறுக்கிறோம், காடு அதிகம் உதிர்க்கிறது என்று மேடம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று. என் மராத்திக்கு இதற்கு நிறைய நேரம் பிடித்தது. கேட்டுவிட்டு வலையைப் பார்த்தார்.

“அப்ப தப்பு யாருது? என்னோடதா, உன்னோடதா?”

“என்னோடது.”

“அதை மேடம்கிட்டயும் இப்படியே சொல்லணும். நடுவுல என் பேரை நுழைச்சிடாதே.”

என் தோள்பையில் சின்னத் தராசு இருந்தது. ஒவ்வொரு முறை போடுவது போலவே இரண்டு கையாலும் அள்ளித் தட்டில் போடச் சொன்னேன். “என் கையை நிறுக்கறியா!” என்று கேலி செய்தாலும் பத்து முறை அள்ளிப் போட்டார். மிகக் குறைந்தது 11.8. மிக அதிகம் 15.1. சராசரி 13.4 கிராம். கொஞ்சம் தூள் வலைக் கண்ணில் கீழே உதிரும். அதைக் கழித்தால் பதின்மூன்று.

வலைக்குள் போட்டதைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “வெளியில போகல இல்ல? கீழதானே போடறோம். எடு.” பதினெட்டு வலைகளிலிருந்தும் எடுத்து மண்ணில் போட்டோம். இனி மண்ணில் மட்டும் என்று சொன்னேன். ஒரு முறை மட்டும் சொன்னேன்.

“இன்னும் ரெண்டு தடவை சொல்லலையா?” என்றார்.

ஆறு மணி பஸ். பௌட் வரை நின்றுகொண்டு வந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு மேடம் அறை. வலை வாரியான வரைபடம், சீட்டு, பத்து எடைகள் எல்லாவற்றையும் மேசையில் வைத்துச் சொன்னேன். வரிசையாகச் சொல்ல எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்க்காமலே சொல்ல முடிந்தது.

மேடம் வரைபடத்தைக் கையில் எடுக்கவில்லை. மேசையில் இருந்தபடியே பார்த்தார்.

“இதை எப்பப் போட்டே?”

“ஏழாம் தேதி மேடம்.”

“இன்னிக்கு என்ன தேதி?”

“பதினெட்டு.”

“பதினோரு நாள். இந்தப் பதினோரு நாள்ல நான் நாலு பக்கம் எழுதியிருக்கேன், கோகுல். உனக்குத் தெரியும். பக்கத்து ரூம்லதான் உக்காந்திருந்தே.”

“உறுதியாத் தெரியலை மேடம். அதனால…”

“உறுதி பண்றது என் வேலையும்தான். சந்தேகம்னு சொல்லியிருந்தா அன்னிக்கே ரெண்டு பேரும் பார்த்திருப்போம்ல?”

சுரேகாதாயிக்கு அரைகுறையாகச் சொன்னது கவனக்குறைவு. இது கவனக்குறைவு இல்லை. இரண்டையும் ஒரே வரியில் எழுதக் கூடாது.

பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பி ஒரு இடத்தைத் தேடி வாசித்தார். ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம்: ஓடைக்கு அப்பாலுள்ள இரண்டு வலைகளில் உயர்வு காணப்படவில்லை, அங்கே ஈரப்பதம் கூடுதலாக இருப்பதால் மரங்கள் வெப்பத்தைத் தாங்குகின்றன என்று கருதலாம்.

“எவ்வளவு அழகா காரணம் கண்டுபிடிச்சிருக்கேன் பாரு” என்றார். “தேனீக்கு பயந்து ஒருத்தர் ஓடையைத் தாண்டலை. நான் ஈரப்பதம்ங்கறேன்.” சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பு இல்லை.

பதினெட்டு வலைகளிலிருந்தும் பதின்மூன்று கிராமைக் கழித்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. காடு மூன்றாம் ஆண்டும் அதே கோடு.

நான்கு பக்கத்தையும் என் முன்னாலேயே அழித்தார். விண்ணப்பத்தில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன்.

“உயர்வு இல்லைன்னு. மூணு வருஷமா மாறலைங்கறதும் ஒரு விஷயம்தான். அதைக் கேட்டு எவனும் எந்திரிச்சு நிக்க மாட்டான், அவ்வளவுதான். கொடுத்தா கொடுக்கட்டும்.”

“தப்பு நடந்ததையும் எழுதணுமா மேடம்?”

“முறைங்கற பகுதியில எழுதணும். எப்படி நடந்ததுன்னு. அந்தம்மா பேர் வேண்டாம். நீ எழுதிக் கொடு, நான் திருத்தறேன். வியாழக்கிழமை போகுது.”

வெளியே வந்தபோது ரஃபீக் பாய் நேற்றைய பைகளை ஓவனில் அடுக்கிக்கொண்டிருந்தார். சத்தம் எதுவும் கேட்டிருக்காது. மேடம் குரலை உயர்த்தவே இல்லை. இருந்தாலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

“பையில ஒட்டலையா?”

“இல்ல பாய்.”

“அப்ப நான் ஒழுங்காத்தான் உதறியிருக்கேன். எழுதிவை அதை.”

எழுதிவிட்டேன்.

நீட்டிப்பு கிடைக்குமா என்று தெரியாது. மேடம் இனி என்னிடம் கணக்கைக் கொடுப்பாரா என்பதும் தெரியாது. கேட்கவில்லை.

நாளை, புதன்: பத்து மணிக்குள் அந்தப் பத்தியை எழுதி மேடத்திடம் கொடுக்க வேண்டும். பிறகு எடைப் பேரேடு. ஜனவரி 20, பிப்ரவரி 3, பிப்ரவரி 17, மார்ச் 3 ஆகிய நான்கு சேகரிப்புகள், சேகரிப்புக்குப் பதினெட்டு வீதம், எழுபத்திரண்டு எடைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்பு மையில் ‘திருப்பிப் போட்ட இலை கலந்தது’ என்று எழுத வேண்டும். பழைய எண்களை அடிக்கக் கூடாது. மதியம் ஓவனிலிருந்து மார்ச் 17 பைகள் வரும். அந்த எடைகளுக்கும் அதே குறிப்பு. நிறுத்து முடித்ததும், பைகளைக் கட்டும் முன், ஒவ்வொரு பையிலிருந்தும் சீட்டை எடுத்து எண்ண வேண்டும். இருபது.